கொரியப் பல்கலைக்கழகத்தில் புங்முல் குழு: சேர்வது முதல் களம் இறங்குவது வரை முழு வழிகாட்டி

கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். அந்த முதல் வாரங்களில் எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனாலும் மாணவர் மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். மன்றத்துக்கு அங்கே தோங்காரி என்று பெயர். நடனம், கால்பந்து, ராக் இசை, மலையேற்றம் என்று வரிசையாக மேசைகள் இருக்க, ஏதோ ஒரு மூலையிலிருந்து பித்தளைச் சத்தம் கிளம்பி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அந்த மூலையில் இருப்பவர்கள்தான் புங்முல் குழு, அதாவது கொரிய நாட்டுப்புற மேளக் குழு.

மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கொரியா போகும் தமிழ் மாணவர்கள் இப்போது நிறைய. மேளச் சத்தம் கேட்டால் கால் நிற்காத ஆள் நீங்கள் என்றால், ஆய்வகத்துக்கு வெளியே நண்பர்களைத் தேட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைக் கையால் கற்கும் கலை என்று நினைத்துப் போகாதீர்கள். முதலில் கால், அடுத்து வாய், கடைசியில்தான் கை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய குழுக்கள் ஒரு அட்டகாசமான மேடை நிகழ்ச்சி கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே ஆள் இல்லாமல் தவிக்கும்.

உட்கார்ந்து வாசிப்பதா, நடந்து வாசிப்பதா

சேருவதற்கு முன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். புங்முல் என்பது கிராமத்துச் சொத்து. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் ஊர் கூடி உழைத்த இடத்தில் பிறந்தது. புத்தாண்டில் வீடு வீடாகப் போய் மனையை மிதித்துக் கெட்டதை விரட்டியது, ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டியது எல்லாம் இதை வைத்துத்தான். இதற்கு நோங்ஆக் என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரில்தான் 2014-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வாசிப்பவர்கள் கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவார்கள். பார்ப்பவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் நடுவே கோடு கிடையாது.

சாமுல்நோரி வேறு. 1978 பிப்ரவரியில் சியோல் நகரில் கோங்கான் சாராங் என்ற சின்ன அரங்கில் கிம் தொக்-சூ, கிம் யோங்-பே உள்ளிட்ட நான்கு இளைஞர்கள் புங்முலிலிருந்து நான்கு கருவிகளை மட்டும் எடுத்து, மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். பின்னால் ஈ குவாங்-சூவும் சோய் ஜோங்-சில்லும் சேர்ந்த பிறகு அந்த நால்வர் அணி உலகம் சுற்றியது. கிம் தொக்-சூ ஐந்து வயதிலேயே நாம்சாதாங் என்ற நாடோடிக் கலைக் கூட்டத்தில் ஆடத் தொடங்கியவர். ஆகவே சாமுல்நோரியைப் பட்டணத்து வேடிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. நேர்த்தியும் வேகமும் கலந்து, கேட்பவர் மூச்சைப் பிடித்து வைக்கும் இசை அது.

பல்கலைக்கழகக் குழுக்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்யும். புதியவர்களுக்கு ஆசை சாமுல்நோரி மேல்தான் இருக்கும், காணொளியில் பார்த்தது அதுவாக இருக்கும். என் அபிப்பிராயம்: முதல் ஆறு மாதம் நடந்து வாசிக்கும் குழுவில் இருங்கள். உட்கார்ந்து வாசிப்பதில் நால்வர் கெட்டிக்காரர்களாக இருந்தால் போதும். நடந்து வாசிப்பதில் தாளம் தெரியாதவருக்கும் சோகோ என்ற சின்ன மேளத்தைக் கையில் கொடுத்து வட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மாணவர் குழு பல ஆண்டுகள் நிலைத்து நிற்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்தக் குழுக்களுக்கு ஒரு அரசியல் வரலாறும் உண்டு. 1970-களில் முகமூடி நடனக் குழுக்களாகத் தொடங்கிய நாட்டார் கலை ஆர்வம், 80-களில் வளாகம் வளாகமாகப் புங்முல் குழுக்களாகப் பரவியது. ராணுவ ஆட்சிக்கு எதிரான ஊர்வலங்களிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் முன்னால் போனது இந்த மேளம்தான். இன்றைய மாணவர்களுக்கு அந்த நினைவு மங்கிவிட்டது. ஆனாலும் குழு அறையின் பழைய படங்களில் கண்ணீர்ப் புகையையும் கொடியையும் பார்க்கலாம். மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சேரும் நாள்

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை. பெயர், துறை, எந்த ஆண்டு சேர்ந்தவர், கைபேசி எண், அவ்வளவுதான். அன்றே உங்களைக் காகாவோடாக் என்ற கைபேசி அரட்டைச் செயலியில் உள்ள குழுவில் சேர்த்துவிடுவார்கள். இசை முன்னனுபவம் கேட்க மாட்டார்கள். கொரிய மொழி அரைகுறையாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனென்றால் பாடமே சொற்கட்டாகத்தான் நடக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி? எந்த வட்டாரப் பாணி? கோடை முகாமுக்கு எங்கே போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அது உயிருள்ள குழு. மூன்றாவது கேள்விக்கு “இந்த வருஷம் தெரியவில்லை” என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

உள்ளே பொறுப்புகள் இப்படி இருக்கும். குழுத் தலைவர் நிர்வாகத்தைப் பார்ப்பார். சாங்ஸ்வே என்பவர் இசையின் தலைவர். சின்னப் பித்தளைத் தட்டு வாசிப்பவர்களில் முதல்வர். களத்தில் இறங்கிவிட்டால் தலைவரும் சாங்ஸ்வேயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முதல் ஆள் உண்டு. உங்களுக்கு முன் சேர்ந்தவர்களை ஸொன்பே என்று அழைக்க வேண்டும், வயதில் சின்னவராக இருந்தாலும் சரி. வெளிநாட்டு முனைவர் பட்ட மாணவர் என்றால் இதில் சலுகை காட்டுவார்கள். அந்தச் சலுகையை வாங்காமல் இருப்பது நல்லது. பயிற்சி முடிந்ததும் கருவிகளை அடுக்கும் வேலை புதியவர்களுடையது. அதில் கை போட்டால் முதல் வாரத்திலேயே நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள்.

எந்தக் கருவி

நான்கு கருவிகளுக்கும் மரபில் ஒரு வானிலைக் கணக்குச் சொல்வார்கள்: குவெங்குவாரி மின்னல், ஜிங் காற்று, ஜாங்கு மழை, புக் மேகம்.

குவெங்குவாரி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் தட்டு. இடது கையில் கயிற்றைப் பிடித்து, உட்புறம் விரல்களால் தொட்டும் விட்டும் ஒலியை அடைக்க வேண்டும். வலது கையில் மர உருண்டை வைத்த மூங்கில் குச்சி. பார்க்க எளிது, ஆனால் பாதிக் கலை இடது கை விரல்களில் இருக்கிறது. புதியவருக்கு இதை உடனே கொடுக்க மாட்டார்கள், அதுதான் சரியும்கூட. எல்லாருடைய தாளத்தையும் தெரிந்தவர்தான் இதைத் தொட வேண்டும். இன்னொன்று: மூடிய அறையில் இதன் சத்தம் காதைப் பதம் பார்க்கும். காதடைப்பான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கடமே வேண்டாம், தொழில்முறைக் கலைஞர்களும் போடுகிறார்கள்.

ஜிங் பெரிய தட்டு. தாளம் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு அடி. சும்மா இருக்கும் வேலை என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. ஜிங் தவறான இடத்தில் விழுந்தால் இருபது பேரும் தடுக்கி விழுவார்கள். துணி சுற்றிய குச்சியால் நடுப்பகுதியில் அடித்து, ஒலி வளைந்து மேலே எழும்பும்படி தள்ள வேண்டும். வெறுமனே தட்டினால் சட்டிச் சத்தம்தான் வரும்.

புக் பீப்பாய் வடிவத் தோல் மேளம். ஒரே குச்சி, அடி கனமாக விழ வேண்டும். தாளத்தின் எலும்பைப் பிடிக்க இதுதான் நல்ல வழி. உடல்வாகு பலமாக இருப்பவர்களைப் பார்த்து மூத்தவர்கள் தாமாகவே இதைக் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஜாங்குதான் பெரும்பாலானோர் தொடங்கும் கருவி. இடை சிறுத்த, இரண்டு முகம் கொண்ட மேளம். இடது முகத்தில் தடித்த தோல், வலது முகத்தில் மெல்லிய தோல். வலது கையில் யொல்ச்சே என்ற மெல்லிய மூங்கில் சிம்பு. இடது கையில் கூங்ச்சே, அதாவது முனையில் மர உருண்டை வைத்த கோல். தேர்ந்தவர்கள் இடக்கைக் கோலை வலது முகத்துக்குத் தாண்டவிட்டும் அடிப்பார்கள். அதற்கெல்லாம் இரண்டாம் ஆண்டு வரை ஆசைப்படாதீர்கள். கயிறுகளில் மாட்டியிருக்கும் தோல் வளையங்களை நகர்த்தினால் தோலின் இறுக்கம் மாறும். மழைநாளில் தோல் தொய்ந்து போகும், அன்று கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட வேண்டியிருக்கும்.

சோகோ கைப்பிடி வைத்த சின்ன மேளம். இசையைவிட ஆட்டத்துக்கான கருவி. இதைக் கேவலமாக நினைக்காதீர்கள், நல்ல குழுவில் கூட்டத்தின் கண் சோகோக்காரர்கள் மேல்தான் இருக்கும்.

முதல் மாதம்: முழங்கால்

முதல் பயிற்சியில் கருவியே தர மாட்டார்கள். நிற்கச் சொல்வார்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு. மூச்சை உள்ளே இழுக்கும்போது உடம்பு மெல்ல எழும், விடும்போது முழங்கால் மடங்கி இறங்கும். முழங்காலுக்குப் பின்பக்கக் குழியை ஓகும் என்பார்கள். அந்தக் குழியை மடக்கி நிமிர்த்தும் அசைவில்தான் புங்முலின் ஒவ்வொரு தாளமும் உட்கார்ந்திருக்கிறது. அடி விழும் கணமும் உடம்பு இறங்கும் கணமும் ஒன்றாக வேண்டும்.

இதை அரை மணி நேரம் செய்துவிட்டு அப்படியே நடக்கச் சொல்வார்கள். வட்டமாக, வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். ஒரு எட்டு, ஒரு மடக்கு. மூன்றாம் நாள் தொடை வலிக்கும், படியிறங்கச் சிரமமாக இருக்கும். வலி தொடையில் இருந்தால் சரி. முழங்கால் மூட்டிலேயே வலித்தால் தவறாக மடக்குகிறீர்கள் என்று பொருள். குதிகாலில் எடையை வைத்துக் குதிக்காமல், இடுப்பைத் தளர்த்தி இறங்கிப் பாருங்கள்.

இதைத் தாண்டிப் போக அவசரப்படும் ஆட்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. கை வேகமாக ஓடும், உடம்பு கட்டையாக நிற்கும். கேட்க நன்றாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் களைத்துப் போவார்கள். ஒரு முழுப் பான்குட், அதாவது களத்தில் நடக்கும் முழு ஆட்டம், ஒரு மணி நேரத்தைத் தாண்டும். மூச்சோடு சேர்ந்து வாசிப்பவர்தான் கடைசி வரை தாங்குவார்.

வாயால் படிக்கும் பாடம்

அடுத்தது கூஉம், வாய்ப்பாட்டுச் சொற்கட்டு. நம்மூரில் மிருதங்கம் தொடும் முன் ஜதி சொல்ல வைப்பதைப் போலவே இதுவும். ஜாங்குவுக்குச் சொற்கள் சொற்பம். இரண்டு கையும் சேர்ந்து விழுந்தால் தொங். இடக்கை மட்டும் குங். வலக்கைச் சிம்பு மட்டும் தா அல்லது தொக். சிம்பு ஒரு சின்ன முன்னடியோடு விழுந்தால் கிதொக். சிம்பை உருட்டிவிட்டால் தொரொரொரொ.

இந்த ஆறு சொல்லை வைத்து முதல் பருவத்துக்கு மூன்று தாளம் போதும்.

ஈச்சே, வேகமான நான்கு அடி:
தொங் | தொங் | குங் தா | குங்

சாம்ச்சே, நான்கு அடி, ஒவ்வொன்றிலும் மூன்று உட்பிரிவு:
தொங் – – | தொங் – – | தொங் – தா | குங் தா –

குட்கோரி, அதே நான்கு மூன்று, ஆனால் நிதானமாகத் தோள் ஆடும் நடையில்:
தொங் – கிதொக் | குங் – தொரொரொரொ | குங் – கிதொக் | குங் – தொரொரொரொ

முதலில் வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். பிறகு சொல்லிக்கொண்டே நடங்கள். நடக்கும்போது சொல் தடுமாறாமல் இருந்தால் மட்டும் கருவியை எடுங்கள். விடுதி அறையிலோ பேருந்திலோ செய்யக்கூடிய பயிற்சி இது, பக்கத்து அறைக்காரர் புகாரும் கொடுக்க மாட்டார். தவறு பெரும்பாலும் சாம்ச்சேயில் நடக்கும். மூன்றாம் அடியின் கடைசியில் வரும் “தா” சற்று முன்னால் ஓடிவிட, தாளம் மும்மையை விட்டு இரட்டையாக மாறிவிடும். திஸ்ர நடை காதில் ஊறியவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. கொரிய நண்பர்களைவிட நீங்கள் முந்தும் ஒரே இடம் இதுவாக இருக்கலாம்.

பிறகு வரும் தாளங்களில் ச்சில்ச்சே என்று ஒன்று உண்டு. கியோங்கி, சுங்ச்சொங் வட்டாரத்துப் பெருமை. ஒரு சுற்றுக்கு 36 சின்ன அடிகள், அதில் ஜிங் ஏழு முறை விழும். மூன்றும் இரண்டும் மாறி மாறி வருவதால் எண்ணினால் குழம்பிவிடும். எண்ணாதீர்கள். குவெங்குவாரியின் சொற்கட்டைப் பாட்டாக மனப்பாடம் செய்துகொண்டால் தானாக வரும்.

மே மாதம்: தெருவில் முதல் நடை

மே மாதத்தில் பெரும்பாலான வளாகங்களில் தேதோங்ஜே என்ற விழா. இப்போது அது கே-பாப் நட்சத்திரங்கள் வந்து பாடும் பெரிய மேடையாகிவிட்டது, கூட்டமும் அங்கேதான். புங்முல் குழு பகலில் வளாகத்தைச் சுற்றி ஊர்வலம் போகும். இதுதான் உங்கள் முதல் வெளிப்பாடு. அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பயப்படவும் வேண்டாம், தெரிந்த மூன்று தாளமே போதும்.

வரிசையில் முதலில் கொடி. “உழவே உலகின் பெரும் அடித்தளம்” என்ற பொருளில் சீன எழுத்தில் எழுதிய நெடிய கொடி அது. அடுத்து தேப்யோங்சோ என்ற நாயனம் இருந்தால் அது. பிறகு குவெங்குவாரி, ஜிங், ஜாங்கு, புக், சோகோ. கடைசியில் ஜாப்செக்: மரத்துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரன், தொப்பி வைத்த பெரிய மனிதர், மணப்பெண் வேடம் போட்ட ஆண் என்று சிரிக்க வைக்கும் வேடக்காரர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வேடம் போட்டால் கூச்சம் போய்விடும் என்று ஸொன்பேக்கள் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது.

உடை: வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அதன் மேல் கறுப்புக் கையில்லா மேலாடை, குறுக்கே சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பட்டைகள். பட்டை கட்டும் முறை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. உங்கள் குழுவின் முறையைக் கேட்டுக் கட்டுங்கள், இணையத்தில் பார்த்துக் கட்டாதீர்கள். ஜாங்குவை நீளத் துணியால் தோளிலும் இடுப்பிலும் கட்டுவதுதான் முக்கியமான வேலை. துணி தளர்ந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் மேளம் தொடையில் இடிக்கும். மாலைக்குள் தொடை கன்றிப் போய்விடும். கட்டிய பின் குதித்துப் பாருங்கள். மேளம் உங்களோடு சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்கினால் சரி.

தெருவில் வாசிக்கும்போது கண் சாங்ஸ்வே மேல் இருக்கட்டும். தாளம் மாறப்போகிறது என்பதை அவர் வாயால் சொல்ல மாட்டார். தன் வாசிப்பில் ஒரு குறிப்புத் தருவார், அல்லது தட்டை உயர்த்திக் காட்டுவார். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முடிப்பதும் அவர் கையில்தான். பின்வரிசைக்கு அது கேட்காது என்பதால் ஜிங்காரர் அதைப் பிடித்துப் பின்னால் கடத்த வேண்டும்.

கோடை முகாம்: பில்போங்

நான் இந்த வழிகாட்டியை எழுத முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை விட்டதும் நல்ல குழுக்கள் பட்டணத்தை விட்டுக் கிளம்பிவிடும். ஜொன்சு என்ற பயிற்சி முகாம், சுமார் ஒரு வாரம். குருவின் ஊரிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, காலை முதல் இரவு வரை வாசிப்பது.

நாட்டில் வட்டாரப் பாணிகள் பல. ஜின்ஜு சாம்ச்சொன்போ பாணி 1966-லேயே அரசின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வீர நடையும் குதித்தாட்டமும் அதன் அடையாளம். இரி பாணி, மேற்குச் சமவெளியின் நுணுக்கமான ஜாங்கு வாசிப்புக்குப் பெயர் பெற்றது. பியோங்தேக், காங்நுங் என்று இன்னும் சில உண்டு. ஆனால் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் போகும் ஊர், ஜொல்லா வட்டாரத்தின் இம்சில் மாவட்டத்தில் இருக்கும் பில்போங். மலைப்பக்கத்து ஜ்வாதோ பாணி. 1988-ல் அரசு அங்கீகாரம் பெற்றது. யாங் சுன்-யோங் என்ற சாங்ஸ்வே இதைக் காப்பாற்றி மாணவர்களுக்குத் திறந்துவிட்டார்; 1995-ல் அவர் மறைந்த பின் மகன் யாங் ஜின்-சொங் தொடர்கிறார்.

ஏன் பில்போங்? தனித்திறமையைவிடக் கூட்டத்தின் ஒருமைக்கு அது இடம் தருகிறது. அங்கே குவெங்குவாரிக்காரர்கள் மட்டும்தான் இறகுப்பூ வைத்த சுழல் தொப்பி அணிவார்கள். மற்ற எல்லாருக்கும் காகிதப் பூக்கள் செருகிய கோக்கால் என்ற கூம்புத் தொப்பிதான். தலையைச் சுழற்றும் வித்தை தெரியாத முதலாண்டு மாணவரும் முழு வரிசையில் நிற்கலாம். ஆட்டம் இரண்டு பாதியாக நடக்கும். முன்பாதியில் தாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்படும். ஹோஹொகுட் என்ற பகுதியில் வாசிப்பவர்களே “ஹோ! ஹொ!” என்று கூவிக்கொண்டு போவார்கள். முதல் முறை கூவும்போது வெட்கமாக இருக்கும், மூன்றாம் சுற்றில் தொண்டை கட்டிவிடும். பின்பாதி விளையாட்டு: பாட்டு, எதிரெதிரே நின்று கை தட்டும் ஆட்டம், முதுகோடு முதுகு சேர்த்து ஒருவரை ஒருவர் தூக்குவது, திருடனைப் பிடிக்கும் நாடகம். ஊர்ப் பாட்டியும் வந்து தோள் அசைத்துவிட்டுப் போவார்.

முகாமுக்கு எடுத்துப்போக வேண்டியவை: மாற்று உடைகள் நிறைய (ஒரு நாளைக்கு இரண்டு முறை நனையும்), விரலுக்கு ஒட்டுப்பட்டை, கொசு மருந்து, தாளம் குறிக்க நோட்டு. முதல் இரண்டு நாளில் வலது சுட்டுவிரலிலும் கட்டைவிரல் மடிப்பிலும் கொப்புளம் வரும். குத்தாதீர்கள், பட்டை ஒட்டிக்கொண்டு வாசியுங்கள். பிடி இறுக்கமாக இருப்பதால்தான் கொப்புளம் வருகிறது. சிம்பு கையில் ஆடும் அளவுக்குத் தளர்த்திப் பழகினால் அடுத்த முகாமில் வராது. சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சமையல் கூட்டாகத்தான் நடக்கும், சாதத்துக்கும் கீரைக்கும் குறைவிருக்காது, ஆனால் கிம்ச்சியில்கூட மீன் சாறு இருக்கும். பொடி டப்பா ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முகாமில் வேறு பல்கலைக்கழகக் குழுக்களும் இருப்பார்கள். கடைசி இரவு எல்லாரும் சேர்ந்து ஒரே பான்குட் போடுவார்கள். நூறு பேர் ஒரே மூச்சில் இறங்கி எழுவதை உள்ளே நின்று உணர்ந்தவர் அதற்குப் பிறகு குழுவை விட்டுப் போக மாட்டார். அதனால்தான் சேரும் நாளிலேயே முகாமைப் பற்றிக் கேட்கச் சொன்னேன்.

சுழல் தொப்பி

மற்ற வட்டாரப் பாணிகளில் சாங்மோ உண்டு. தொப்பி உச்சியில் சுழலும் அச்சு, அதில் நீளக் காகித நாடா. நாடா சுழல்வது கழுத்தால் என்று நினைத்தால் இரண்டு நாளில் கழுத்து பிடித்துக்கொள்ளும். முழங்கால் மடக்குதான் அதைச் சுழற்றுகிறது, கழுத்து திசை மட்டும் காட்டுகிறது. ஒரே பக்கம் சுற்றுவது, ஒரு முறை இடம் ஒரு முறை வலம், பிறகு இரண்டு இரண்டாக என்று படிப்படியாகப் போங்கள். தாடைக் கட்டை இறுகக் கட்டுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

இலையுதிர் கால நிகழ்ச்சி

செப்டம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியதும் எல்லாம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்கி நகரும். பதினைந்து பேர் கொண்ட குழு என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: குவெங்குவாரி இரண்டு, ஜிங் ஒன்று, ஜாங்கு நான்கு அல்லது ஐந்து, புக் மூன்று, மிச்சம் சோகோவும் வேடமும். ஜாங்கு ஆசைப்படும் எல்லாருக்கும் ஜாங்கு கொடுத்தால் புக் இல்லாமல் அடித்தளம் ஆட்டம் காணும்.

நிகழ்ச்சி வரிசையில் பெரும்பாலும் முதலில் பினாரி, வாழ்த்தும் வேண்டுதலுமான பாட்டு. பிறகு உட்கார்ந்து வாசிக்கும் சாமுல்நோரி ஒன்று. யொங்நாம் வட்டாரத் தாளக்கட்டு மாணவர்களுக்குப் பிடித்தமானது. அதில் வரும் பியோல்தால்கோரி பகுதியில் கருவியை நிறுத்தி, வானத்தைப் பார்த்து நட்சத்திரம் பறிப்போம், மண்ணைப் பார்த்து உழவு செய்வோம் என்ற பொருளில் எல்லாரும் கூவ வேண்டும். கடைசியில் பான்குட்.

பான்குட்டில் வட்டம் அப்படியே இருக்காது. மொங்சொக்மாரி என்ற அமைப்பில் சாங்ஸ்வே வரிசையைச் சுருளாக உள்ளே இழுத்துப் போய், நடுவில் திரும்பி, அதே சுருளை வெளியே விரித்துக்கொண்டு வருவார். பார்க்க அழகு, ஆனால் வால் பக்கம் இருக்கும் சோகோக்காரர்கள் ஓட வேண்டியிருக்கும். முன்னால் போகிறவர் எட்டைச் சின்னதாக வைப்பதும், இடைவெளி இரண்டு கை நீளத்தைத் தாண்டாமல் பார்ப்பதும்தான் மருந்து. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கருவி இல்லாமல் நான்கைந்து முறை நடந்து பாருங்கள். ஐந்து திசைக்கும் ஐந்து சுருள் போடும் ஓபாங்ஜினை, இது ஒழுங்காக வந்த பிறகு மட்டும் தொடுங்கள்.

நிகழ்ச்சிக்கு முன் கோசா என்ற சடங்கு நடக்கும். மேசையில் அரிசிப் பலகாரம், காய்ந்த மீன், மக்கொல்லி என்ற அரிசி மது, நடுவில் வேகவைத்த பன்றித் தலை. வந்தவர்கள் அதன் வாயில் பணத்தாளைச் செருகிக் கும்பிடுவார்கள். சில மாணவர் குழுக்கள் இப்போது பன்றிப் படத்தையோ பன்றி உண்டியலையோ வைத்துச் சமாளிக்கின்றன. எதிர்பாராமல் பார்த்தால் திடுக்கிடும், அதற்காகவே சொல்கிறேன். கும்பிட விருப்பமில்லை என்றால் ஓரமாக நிற்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

கூட்டத்தைச் சும்மா உட்கார விடாதீர்கள். “ஒல்சு!”, “ஜோத்தா!”, “ஜால் ஹான்தா!” என்று கூவலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுங்கள். கடைசித் தாளத்தில் பார்வையாளர்களைக் களத்துக்குள் இழுத்துவிட வேண்டும். அவர்கள் கால் பட்டால்தான் பான்குட் முடிந்ததாகக் கணக்கு. பிறகு துவிப்புரி: சாப்பாடு, மக்கொல்லி, அன்றைய தவறுகளைச் சொல்லிச் சிரிப்பது. குடிக்காதவர்களுக்குச் சைடர் வரும், அங்கே அது மது இல்லாத எலுமிச்சை சோடா.

கருவிப் பராமரிப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் மேளங்களைச் சூடேறும் ஓந்தோல் தரையில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். குளிர்காலத்தில் வெளியே வாசிக்கும் முன் குவெங்குவாரியையும் ஜிங்கையும் மெல்லத் தட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் முழு அடி அடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட பித்தளை பழைய ஒலிக்குத் திரும்பாது. விளிம்பில் அடிப்பதும் அதே ஆபத்து. மழையில் நனைந்த ஜாங்குவை நிழலில் காற்றாட வையுங்கள். சிம்புகளை எப்போதும் இரண்டு மடங்கு வைத்திருங்கள், நிகழ்ச்சியின் நடுவில்தான் உடையும்.

கொரியாவுக்கு வெளியே

அமெரிக்காவில் படிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கார்னெல்லில் ஷிம்தா, மிச்சிகனில் சினாபோரோ, பென்சில்வேனியாவில் பென்சோரி, யேலில் யூனிட்டி என்று மாணவர் குழுக்கள் உண்டு. புலம்பெயர்ந்த கொரியக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வேறு நாட்டவரும் வாசிப்பார்கள். அங்கே சாமுல்நோரி பக்கம் சாய்வு அதிகம், கருவிகளும் ஆளும் குறைவு என்பதால் அது இயல்பு. குழு இல்லாத ஊரில் நீங்களே தொடங்குவதானால் நான்கு பேரும் இரண்டு ஜாங்குவும் போதும். குவெங்குவாரியைக் கடைசியில் வாங்குங்கள், அக்கம்பக்கத்துச் சமாதானத்துக்காக.

குளிர்காலமும் கைமாற்றமும்

சந்திரப் புத்தாண்டின் முதல் பௌர்ணமிக்கு ஊர்களில் மனை மிதிக்கும் சடங்கு நடக்கும். சமையற்கட்டு, கிணறு, சாடி வைக்கும் மேடை என்று ஒவ்வொரு இடத்திலும் வாசித்து, ஊற்றுக்கண் திறக்கட்டும் என்று பாடி, வீட்டுக்காரர் வைக்கும் அரிசியையும் பணத்தையும் வாங்கிக்கொள்வார்கள். சில மாணவர் குழுக்கள் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் இதைச் செய்து, சேரும் பணத்தில் தோல் மாற்றுகின்றன. உணவகக்காரர்கள் மனம் கோணாமல் கொடுப்பார்கள். கடைக்குள் நுழையும் முன் கேட்டுவிட்டு நுழையுங்கள், மதிய உணவு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த சாங்ஸ்வே யார் என்பதை இதற்கெல்லாம் முன்பே, நவம்பர் முடிவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும். வேகமாக வாசிப்பவரைவிட, தன் வாசிப்பை நிறுத்திவிட்டு மற்றவர் வாசிப்பைக் கேட்கத் தெரிந்தவரைப் பாருங்கள். அவர் குளிர்கால முகாமுக்குப் போய்வர வேண்டும், பௌர்ணமி ஊர்வலத்தில் பழைய சாங்ஸ்வேக்குப் பக்கத்தில் இரண்டாம் தட்டு வாசிக்க வேண்டும். மார்ச்சில் மேசை போடும்போது தட்டு அவர் கையில் இருக்கும்.